கூடை வைத்த குவியல்

சரக்கு விற்பனைச் சட்டம் நடத்தும் வகுப்பில் ஒருவரும் மீன் விற்பதில்லை. கோதுமை விற்கிறார்கள், குதிரை விற்கிறார்கள், ஒருவன் இன்னொருவனுக்குப் பியானோகூட விற்கிறான். 'அ' என்பவன் 'ஆ' என்பவனுக்கு நூறு மூட்டை கோதுமையைக் கப்பலில் அனுப்புகிறான், கப்பல் வழியில் மூழ்கிவிடுகிறது, நஷ்டம் யாருக்கு என்று கேள்வி வருகிறது. கப்பல் மூழ்கினால் ஆள் பிழைத்தானா என்று முதலில் கேட்பதுதான் புவனேஸ்வரியின் ஊர் வழக்கம். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. போன பருவத் தேர்வில் அவளுக்கு அந்தப் பேப்பரில் முப்பத்தொரு மார்க் வந்தது, அரியர் விழுந்தது.

புவனேஸ்வரி பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்னக் குப்பத்துப் பெண். திருவள்ளூரில் சட்டம் படிக்கிறாள், இது இரண்டாம் வருடம். பள்ளிப்பட்டுக்காரி இளமதியோடு சேர்ந்து மணவாள நகரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா எல்லம்மா விடியற்காலையில் கரையில் இறால் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, பொன்னேரி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவள். அந்த இறால்தான் அறை வாடகையாகவும் பஸ் பாஸாகவும் தடித்தடிப் புத்தகங்களாகவும் மாறி மகளிடம் வந்து சேரும். அதனால் அரியர் விழுந்த செய்தியை வீட்டில் சொன்னபோது எல்லம்மா திட்டவில்லை. "மறுக்கா எய்து" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது புவனேஸ்வரிக்கு.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் கல்லூரி மரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில் அம்மாவின் போன் வந்தது. வேலை நேரத்தில் எல்லம்மா போன் செய்யவே மாட்டாள்.

"புவனா, கூட வச்ச இறாவ எத்துக்கினு பூட்டான்டி."

"யாரும்மா?"

"அந்த கம்பெனி ஏஜெண்டு விமலு. என் கூடைய காலால தள்ளிட்டு எட போட்டு வண்டில ஏத்திக்கினு பூட்டான். கேட்டா சட்டம் பேசறான். வக்கீல் நோட்டீஸாம், போன்ல காட்டறான்." எல்லம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நீ சட்டந்தான படிக்கற? எட போடாத சரக்கு விக்காத சரக்காமே. மெய்யா?"

"பாத்து சொல்றேம்மா," என்றாள் புவனேஸ்வரி. அவள் சட்டம் படிக்கப் போன பிறகு அம்மா கேட்ட முதல் சட்டக் கேள்வி அது.

நடந்தது புரிய வேண்டுமானால் அந்தக் கரையின் ஏலம் தெரிந்திருக்க வேண்டும். படகு கரை தொட்டதும் பிடித்த இறாலைத் தார்ப்பாயில் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். தராசு கிடையாது. கண்ணால் பார்த்துக் குவியலுக்கு விலை கேட்பதுதான். ஏலம் விடுகிற ராஜவேலு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லி முடித்ததும், ஏலம் எடுத்தவள் தன் கூடையைக் குவியலின்மேல் கவிழ்த்துவிடுவாள். அத்தோடு முடிந்தது. பணத்தை விற்றுவிட்டு வந்து சாயங்காலம் கொடுத்தால் போதும். அதன்பிறகு அவள் ஐஸ் வாங்கப் போகலாம், டீ குடிக்கப் போகலாம், பக்கத்துக் கரையில் இன்னொரு ஏலம் எடுத்துவிட்டுக்கூட வரலாம். குவியலுக்குக் காவல் வைக்க மாட்டாள். கூடை இருக்கும்போது காவல் எதற்கு? வேறு ஊர்க்காரர் பார்த்தால் சிரிப்பார்கள், நாலாயிரம் ரூபாய் இறாலை ஓட்டைக் கூடையை நம்பி விட்டுவிட்டுப் போகிறாளே என்று. அந்தக் குப்பத்தில் அதுதான் பூட்டு. பெண் பார்த்துக் கல்யாணம் முடிவானால்கூட "கூட போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்கு அருண்பாண்டியனின் குவியலை எல்லம்மா நாலாயிரத்து இருநூறுக்கு எடுத்தாள். கூடையைக் கவிழ்த்துவிட்டு ஐஸ் வண்டிக்குப் போனாள். அந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு விமல், நம்பர் ஓடுகிற எலக்ட்ரானிக் தராசோடு வந்திறங்கினான். கூடையை நகர்த்தி, குவியலை எடை போட்டு, ஐயாயிரம் ரூபாயை அருண்பாண்டியன் கையில் வைத்தான். அருண்பாண்டியன் வாங்கிக்கொண்டான். எண்ணூறு ரூபாய் கூட வருகிறதென்றால் யாருடைய கைதான் நீளாது?

எல்லம்மா வந்து சத்தம் போட, ஊர் கூட, விமல் போனில் ஏதோ பிரிவைக் காட்ட, கடைசியில் ஊர்ப் பெரியவர் சுப்பிரமணி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். விமல் அங்கேயே இன்னொன்றும் சொன்னான். இனிமேல் எடை போட்ட பிறகுதான் விற்பனை என்று ஊர் ஒத்துக்கொண்டால், தராசைக் கம்பெனி இலவசமாகவே வைத்துக் கொடுக்கும். வாலிபப் பசங்களுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

"தராசு அவன்து, எட போடறவன் அவன்," என்றாள் எல்லம்மா போனில். "அப்றம் எங்களுக்கு இன்னா வேல? அவன் ஷெட்டுல போயி குந்திக்கினு இறா தோலு உரிக்க வேண்டிதான். என்னோட ஏலம் எடுக்கற கெல்லம்மா, தேசம்மா அல்லாரும் அய்வுறாளுங்க. ஞாயித்துக்கெயம வருவியா நீ?"

"வரேம்மா."

திங்கட்கிழமை அரியர் பேப்பருக்கான உள் தேர்வு இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் புவனேஸ்வரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். படிக்கவில்லை, தேடினாள். படிப்பதற்கும் தேடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. குதிரையையும் கோதுமையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். பிரிவு அறுபத்து நான்கு, ஏல விற்பனை. போன வருடம் 'சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது' என்று ஒரே வரியாக மனப்பாடம் செய்து எழுதிய பிரிவு. இந்த முறை வரியை முழுசாகப் படித்தாள். ஏலம் விடுகிறவர் சுத்தியல் அடித்தோ, அல்லது வழக்கத்திலுள்ள வேறு முறையிலோ, முடிந்தது என்று அறிவிக்கும்போது விற்பனை முற்றுப்பெறும்.

வழக்கத்திலுள்ள வேறு முறை.

அவள் அந்த வார்த்தைகளை நாலைந்து முறை படித்தாள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், குதிரை விற்பவர்களுக்காக எழுதியது, அதற்குள் அம்மாவின் கூடைக்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் முப்பத்தொரு மார்க் வாங்கியிருக்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இளமதி அவ்வளவு லேசில் மயங்குகிற ஆள் இல்லை. சனிக்கிழமை காலை நாஷ்டாவுக்கு வாங்கிய இட்லியைப் பிட்டுக்கொண்டே எதிர்க்கட்சி வக்கீலாக உட்கார்ந்தாள்.

"நான்தான் விமலு. பிரிவு இருபத்திரண்டு படிச்சியா நைனா? வெலய முடிவு பண்றதுக்கு விக்கறவன் எட போட வேண்டி இருந்தா, எட போட்டு வாங்கறவருக்கு சொல்ற வரைக்கும் சரக்கு கை மாறாது. எட போட்டீங்களா?"

"போடல."

"அவ்ளோதான். கேஸு முடிஞ்சுது. சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்து."

புவனேஸ்வரி சட்னியை ஊற்றவில்லை. அறைக்குள் மூன்று நடை நடந்தாள். "வெலய முடிவு பண்றதுக்கு எட போட வேண்டி இருந்தா. இருந்தாதான? அங்க கிலோவுக்கா வெல கேட்டாங்க? குவியலுக்கு கேட்டாங்க. மூணாந் தரத்துலயே வெல முடிஞ்சுபோச்சு. அப்புறம் அவன் எட போட்டது அவன் கம்பெனிக்கு கணக்கு காட்டறதுக்கு."

இளமதி கையை நக்கிவிட்டு யோசித்தாள். "இத்த போன வருசம் எய்தி இருந்தீன்னா பேஜாரே இல்ல. பாஸ் ஆயிருப்ப."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். புவனேஸ்வரி மூடவில்லை. இருபத்திரண்டுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். இருபத்தாறு வந்தது. சரக்கு யாருடைய உடைமையோ, அது கெட்டாலும் அழிந்தாலும் நஷ்டம் அவருக்கே. அது கையில் வந்து சேர்ந்ததா இல்லையா என்பது பேச்சில்லை. கோதுமைக் கப்பல் கேள்விக்கு விடை அது.

அவளுக்கு வைகாசி மாதத்து ஒரு காலைப் பொழுது ஞாபகம் வந்தது. கல்லூரி விடுமுறையில் ஊரில் இருந்தாள். அம்மா இதே அருண்பாண்டியனின் குவியல்மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஐஸுக்குக் காத்திருந்தாள். பொன்னேரி ரோட்டில் லாரி கவிழ்ந்து ஐஸ் வண்டி வரவே இல்லை. பதினோரு மணி வெயிலில் இறால் தலை கறுத்து நாற்றமெடுத்துவிட்டது. எல்லம்மா கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நான் ஊட்டுக்கா எத்துக்கினு போனேன்? கரையில கெடந்துச்சு, உன் சரக்குதான்" என்று அருண்பாண்டியனிடம் சொன்னாள். புருஷன் இல்லாதவளிடம் என்ன மல்லுக்கு நிற்பது என்று அவன் இறாலை ஏரியில் கொட்டிவிட்டுப் போனான்.

கூடை வைத்ததும் சரக்கு எல்லம்மாவுடையது என்றால், அன்று நாறிய இறாலும் எல்லம்மாவுடையதுதான்.

"இன்னா ஆச்சு?" என்றாள் இளமதி.

"ஒண்ணுமில்ல," என்றாள் புவனேஸ்வரி. அருண்பாண்டியனுக்குச் சட்டம் தெரியாது, அவன் கேட்கப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் பஸ் ஏறி, செங்குன்றத்தில் மாறி, பொன்னேரியில் மாறி, அவள் குப்பத்துக்குள் நுழையும்போது மணி ஒன்று. எல்லம்மா நண்டு குழம்பு வைத்திருந்தாள். மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "உன் புக்குல இன்னா போட்டுகிது?" என்று கேட்டாள்.

"நம்ம கூட போட்டுகிதும்மா."

எல்லம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "புக்குலயா?"

"ஆமா. சுத்தி அடிச்சாலும் சரி, ஊர் வழக்கப்படி வேற எப்டி சொன்னாலும் சரி, வித்தது வித்ததுதான்னு போட்டுகிது."

வைகாசி மாதத்து இறாலைப் பற்றி அவளும் பேசவில்லை, எல்லம்மாவும் பேசவில்லை.

கூட்டம் ஏலக் கொட்டகையில். ஆம்பளைகள் தார்ப்பாயிலும் படகு விளிம்பிலும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே வரிசையாக. பெண்கள் கூட்டத்தில் பேசக்கூடாது என்று ஒன்றும் சட்டமில்லை. யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். விமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. வில்லன் மாதிரி இருந்திருந்தால் புவனேஸ்வரிக்கு வசதியாக இருந்திருக்கும்.

விமல் எழுந்து தன் நியாயத்தைச் சொன்னான். "நான் யாரு பொழப்பையும் கெடுக்க வரல. எட போட்டா உங்களுக்குத்தான் டப்பு கூட வருது. எங்க கம்பெனி வக்கீல் எய்தி அனுப்பிகிறாரு. பிரிவு இருபத்திரண்டு. எட போடாம சரக்கு கை மாறாது. எல்லம்மாக்கா கூட வச்சது அவுங்க நம்பிக்கை. சட்டத்துல கூடைக்கு எடமில்ல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வக்கீல், பிரிவு, எழுத்து என்றதும் பாதிப்பேர் தோற்றுவிட்ட முகத்தோடு உட்கார்ந்தார்கள். சுப்பிரமணி தாடையைத் தடவினார். புவனேஸ்வரி எழுந்து நின்றாள். கொட்டகைக்குள் வந்தாள்.

"பெரிப்பா, நான் பேசலாமா?"

சுப்பிரமணி சுற்றிலும் பார்த்தார். "சட்டம் பேசறதுக்கு சட்டம் படிச்ச பொண்ணு. பேசட்டும்பா."

புவனேஸ்வரி விமலைப் பார்க்கவில்லை, ஏலம் விடுகிற ராஜவேலுவைப் பார்த்தாள். "மாமா, அன்னிக்கி எங்கம்மா இன்னா வெல கேட்டாங்க?"

"நாலாயிரத்து எரநூறு."

"கிலோவுக்கா?"

கொட்டகை சிரித்தது. "அய்ய, கிலோ நாலாயிரமா? இன்னா, தங்க இறாவா?" என்றார் ராஜவேலு. "குவியலுக்கும்மா."

"மூணாந் தரம் சொன்னீங்களா?"

"சொன்னேன். கூட வச்சா. அதுக்கப்புறம்தான் அடுத்த குவியலுக்கே போனேன்."

"அவரு சொல்ற பிரிவு நெசந்தான்," என்றாள் புவனேஸ்வரி. "எட போட்டாதான் வெல தெரியும்ன்ற எடத்துல அது பொருந்தும். இங்க வெல மூணாந் தரத்துலயே முடிஞ்சுபோச்சு. இன்னொரு பிரிவு கீது, அறுபத்து நாலு. ஏலம் எப்ப முடியுதுன்னு அதுல எய்திகிது. சுத்தி அடிச்சாலும் முடியும், ஊர் வழக்கப்படி வேற முறையில சொன்னாலும் முடியும். நம்ம ஊரு வழக்கம் இன்னான்னு நான் சொல்லத் தேவையில்ல."

பிறகு விமலிடம் திரும்பினாள். "அண்ணா, கூடைய நகத்துனது நீங்கதான?"

"ஆமா."

"யாரு கூடைன்னு தெரியுமா?"

"அது எல்லம்மாக்கா..." விமல் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினான்.

"கூட சும்மா கெடந்ததுன்னா யாரு கூடைன்னு எதுக்கு உங்களுக்குத் தெரியணும்? வித்துப்போச்சுன்னு தெரிஞ்சுதான் நகத்திகிறீங்க."

வெளியே பெண்கள் வரிசையில் ஒருத்தி கை தட்டினாள். வலைக்காரப் பையன் மணிகண்டனுக்கு மட்டும் ஒப்பவில்லை. "எட போட்டா எங்களுக்கு நாலு காசு கூட வருது. அது இன்னா தப்பு?"

"தப்பே இல்லண்ணா. ஏலத்துக்கு முன்னாடி எட போடுங்க. இத்தினி கிலோ கீதுன்னு சொல்லிட்டு ஏலம் உடுங்க. கம்பெனியும் வந்து கேக்கட்டும், கூட வெல குடுத்தா அவங்களும் ஒரு கூட வாங்கியாந்து வெக்கட்டும். கூட வச்சதுக்கு அப்புறம் வெல ஏத்தாதீங்க. இன்னிக்கி எங்கம்மா கூடைய தள்ளுனவரு, நாளைக்கி உங்களுக்கு சொன்ன வெலயயும் தள்ளுவாரு."

மணிகண்டன் தலையைச் சொறிந்தான். சுப்பிரமணி முடிவு சொல்வதற்காகத் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த அருண்பாண்டியன் எழுந்தான். நாற்பத்தைந்து வயது ஆள். வருடத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றான். "நான் வெல கூட வருதேன்னு வாங்கனது தப்புதான். ஒத்துக்கறேன். கூட வச்சா சரக்கு அவுங்களுதுன்னு பொண்ணு சொல்லுது. சரி. வைகாசி மாசம் என் குவியலு மேல இதே கூட இருந்துச்சு. ஐஸு வரல, நாறிப்போச்சு. அப்ப அது யாரு சரக்கு?"

எல்லாரும் புவனேஸ்வரியைப் பார்த்தார்கள்.

தப்பிக்க வழி இருந்தது. அதே இருபத்தாறாம் பிரிவின் வாலில் ஒரு விதிவிலக்கு தொங்குகிறது. சரக்கை ஒப்படைப்பதில் யார் தவறால் தாமதமோ நஷ்டம் அவருக்கு. ஐஸ் வைக்காதது உன் தவறு என்று அருண்பாண்டியன்மேல் அதைத் திருப்பிப் போடலாம். பிரிவு நம்பரோடு சொன்னால் இந்தக் கொட்டகையில் மறுக்க யாரால் முடியும்? வக்கீல் எழுத்தைக் கண்டதும் வாயடைத்துப் போன கூட்டம்தானே இது. வைகாசியில் நாறிய குவியல் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். இந்த மாத வாடகைக்காக அம்மா புடவை முடிச்சில் வைத்திருக்கும் பணமும் அவள் கண்முன் வந்தது. ஐஸ் கொண்டுவருவது வாங்கியவள் வேலை என்பது ஊருக்கே தெரியும். விமலின் வக்கீல் செய்ததும் இதைத்தானே, பாதிப் பிரிவைக் காட்டிப் பயமுறுத்தியதுதானே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"எங்க சரக்குதாண்ணா," என்றாள். "கூட வச்சதும் எங்கம்மாளுது. கெட்டுப்போனாலும் எங்கம்மாளுதுதான். சட்டத்துல அப்படித்தான் கீது. நாங்க உனக்கு குடுக்கணும்."

பெண்கள் வரிசையில் யாரோ "அடிப்பாவி" என்றார்கள். விமல்கூட நிமிர்ந்து பார்த்தான். எல்லம்மா எழுந்து வருவதைப் புவனேஸ்வரி பார்த்தாள். கன்னத்தில் அறை விழும் என்றுதான் நினைத்தாள். எல்லம்மா மகளைத் தாண்டிப் போய் அருண்பாண்டியன் முன்னால் நின்று, புடவை முடிச்சை அவிழ்த்தாள்.

"கம்பெனிக்காரன் குடுத்ததுல எனக்கு சேர வேண்டிய எண்ணூற நீயே வச்சுக்க தம்பி. இந்தா மூவாயிரம். எண்ணிக்கோ."

அருண்பாண்டியன் ஒரு நிமிடம் தயங்கினான். பிறகு வாங்கிக்கொண்டான். வாங்காமல் விட்டிருந்தால் அது தருமமாகியிருக்கும். வாங்கியதால்தான் அது ஊர் முறையாயிற்று. சுப்பிரமணி சொல்வதற்கு அதற்குமேல் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கூடை வைத்தால் விற்பனை முடிந்தது, லாபமும் நஷ்டமும் கூடைக்காரருடையது, எடை வேண்டுமென்றால் ஏலத்துக்கு முன்னால் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். விமல் தராசைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "கூட எங்க விக்கறாங்க?" என்று ராஜவேலுவிடம் கேட்டுவிட்டுப் போனான்.

நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க அம்மாவும் மகளும் ரோட்டுக்கு நடந்தார்கள். எல்லம்மா இரண்டடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். வாடகைக்கு வீட்டுக்காரரிடம் பத்து நாள் தவணை கேட்கலாம், இளமதியிடம் கொஞ்சம் கைமாற்று வாங்கலாம் என்று புவனேஸ்வரி மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மேல கோவமாம்மா?"

"அவன் கேட்டதும் ஏன்டி பேசாம நின்ன?"

புவனேஸ்வரி பொய் சொல்லவில்லை. "தப்பிச்சுக்க ஒரு வழி இருந்துச்சும்மா. சொல்லலாமான்னு பாத்தேன்."

"தெரியும். உம் மூஞ்சிலயே தெரிஞ்சுது." எல்லம்மா நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்தான் இருந்தது. "அவன் கேப்பான்னு எனக்குத் தெரியும்டி. வியாய்க்கெயம உனக்கு போன் போட்டப்பவே தெரியும். நாறுன இறாவ அவன் தலையில கட்டிட்டு வந்தவ நானு. மூணு மாசமா அவன் பொண்டாட்டி எதுருல வந்தா நான் அந்தாண்ட திரும்பிக்கினு போறேன். ஏலத்துல அவன் குவியலு வந்தா ஒரு அம்பது கூடவே கேக்கறேன். போறல. நெஞ்சு ஆறல."

பொன்னேரி பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. எல்லம்மா மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் அங்க நின்னுக்கினு என்னை காப்பாத்தறேன்னு அது நம்ம சரக்கு இல்லன்னு சொல்லியிருந்தா, அந்த விமலு வச்சிகிற வக்கீலுக்கும் உனக்கும் இன்னாடி வித்தியாசம்? அந்த வேலைக்கு டப்பு குடுத்தா ஆளு கெடைக்கும். அதுக்கா நான் உன்னப் படிக்க வெக்கறேன்? ஏறு ஏறு, பஸ்ஸு வந்துட்டுது. நாளைக்கி பரிட்ச கீதுன்னு அந்த பள்ளிப்பட்டு பொண்ணு போன்ல சொல்லிட்டா. ஒயுங்கா எய்து."